ஒற்றைப் புள்ளி

“யாருடி அது?”

தையற்காரியின் இடது கையில் மகளின் போன் இருந்தது. ‘கணக்கு டீச்சர்’ என்று பெயர் போட்டிருந்தது. உள்ளே கணக்கு மட்டும்தான் இல்லை.

‘அவர் வீட்ல இல்லாதப்ப மட்டும் மெசேஜ் பண்ணு. எழுத முடியலைன்னா ஒரு புள்ளி வை, புரிஞ்சுக்கறேன். பயப்படாதே, நான் இருக்கேன்.’ அதன் கீழே மகள் வைத்த புள்ளிகள், ஒன்பது.

ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைத்தவளுக்குப் பெற்ற பெண்ணின் அளவு தெரியாமல் போயிற்றே என்று உடம்பெல்லாம் கூசியது.

“அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னாகும்னு தெரியுமா?”

“தெரியும்மா. அதான் சொல்லல.”

அந்தப் பதில் அவளைக் கிளப்பிவிட்டது. போனைத் தையல் மிஷின்மேல் வைத்துவிட்டு, இடது கையாலேயே ஓர் அறை விட்டாள். போன வாரம் குளியலறையில் மறுபடியும் வழுக்கி விழுந்ததிலிருந்து வலது கை மேலே எழும்புவதில்லை. ‘முதல்ல அந்தக் குளியலறையை மாத்துங்கக்கா’ என்று துணி கொடுக்க வந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

மகள் அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசல் கதவையே பார்த்தாள்.

தையற்காரி அந்த நம்பருக்கே போன் போட்டாள். எடுத்தது ஒரு பெண் குரல். எவனோ தன் அக்காவைப் பேச விட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

“நான் அவளைப் பெத்தவ பேசறேன். படிக்கிற பிள்ளையைக் கெடுக்க உங்களுக்கு வெட்கமா இல்ல? இன்னொரு மெசேஜ் வந்தா நேரா போலீசுக்குத்தான் போவேன்.”

மறுமுனையில் குரல் தணிந்தது. “பக்கத்துல வேற யாராவது இருக்காங்களாம்மா?”

“நானும் அவளும்தான். எனக்கென்ன பயம்?”

“இது போலீஸ்தாம்மா. ஸ்கூல் பிள்ளைங்க உதவி கேக்கறதுக்குன்னே இருக்கற நம்பர். வேற பேர்ல பதிஞ்சு வைக்கச் சொன்னதும் நான்தான். அவளைத் திட்டாதீங்க.”

தையற்காரி மிஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். மகளின் கன்னத்தில் தன் விரல்கள் பதிந்திருப்பதைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

“என் பொண்ணுக்கு என்ன கஷ்டம் மேடம்? யாரு என்ன பண்ணினா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.”

“அவளுக்கு ஒண்ணுமில்லம்மா,” என்றது குரல். “உங்க தோள்பட்டை இப்ப எப்படி இருக்கு?”