வேற மாநிலம்

“என் பொண்ணை வேற மாநிலத்துக்கே கூட்டிட்டுப் போயிட்டா சார்! எப்படியாவது மீட்டுக் குடுங்க!”

இரண்டு மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த சலூன்காரர், நாற்காலியில் உட்காரும் முன்பே அழ ஆரம்பித்துவிட்டார். வக்கீல் அவசரமாகத் தண்ணீரை நகர்த்தி வைத்தார்.

“யாரு, உங்க மனைவியா?”

“மனைவின்னு சொல்ல முடியாது சார். ஏழு வருஷம் ஒண்ணா இருந்தோம். கல்யாணம் ஆகலை.”

“ஏன் பண்ணிக்கலை?”

“நேரமே கிடைக்கலை. அவ பியூட்டி பார்லர் வெச்சிருக்கா. கல்யாண நாள் வந்தாலே அவளுக்கு மணப்பெண் மேக்கப், எனக்கு மாப்பிள்ளை ஷேவிங். ஊருல எல்லாருக்கும் கல்யாணம் ஆச்சு, எங்களுக்குத்தான் தேதி கிடைக்கலை.”

வக்கீல் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். “எதனால பிரிஞ்சீங்க?”

“குழந்தைக்கு முடி வெட்டிட்டேன். அது அவளோட டிபார்ட்மெண்டாம். என்னைக் கேக்காம எப்படிக் கத்தரி வைக்கலாம்னு குதிச்சா. நீ மட்டும் ரெண்டு புருவத்தையும் ஒரே மாதிரி எடுத்திருக்கியான்னு நானும் கேட்டுட்டேன். அன்னைக்கே மூட்டை கட்டிட்டா.”

தொழிலைக் குறை சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது என்று வக்கீல் நினைத்துக்கொண்டார்.

“கல்யாணம் ஆகாத அப்பான்னா கேஸ் இழுபறிதான். அதுவும் குழந்தை இப்ப இருக்கற மாநிலத்துலதான் மனு போடணும். போலீசுக்குப் போனீங்களா?”

“அது எங்க எல்லையே இல்லைன்னு கையை விரிச்சுட்டாங்க.”

“குழந்தை எப்படி இருக்கான்னாவது தெரியுமா?”

“இன்னிக்குக் காலையில ரெண்டு தடவை இருமினா சார். மஞ்சள் கவுன் போட்டிருக்கா. ஷூவை இடம் வலம் மாத்திப் போட்டுட்டா.”

“போன்ல சொன்னாங்களா?”

“போனா? நாலு மாசமாப் பேச்சுவார்த்தையே கிடையாது. பெத்த அப்பனுக்கு இதுகூடத் தெரியாதா?”

வக்கீலுக்கு உடம்பு சிலிர்த்தது. இருபது வருட அனுபவத்தில் இப்படி ஒரு பாசத்தை அவர் கண்டதில்லை.

“நேர்ல போய்ப் பேசினீங்களா?”

“நான் எப்படி சார் போவேன்? போனவதான் முதல்ல வரணும்.”

“வீம்பு பிடிச்சா பிள்ளை கிடைக்காதுய்யா! நாளைக்கு நானே உங்ககூட வர்றேன். பேசிப் பார்ப்போம். எவ்வளவு தூரமா இருந்தாலும் சரி.”

சலூன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார்.

மறுநாள் காலை வக்கீல் பெட்டியோடு சலூனில் வந்து இறங்கினார். இரண்டு நாள் துணி, போர்வை, காற்றுத் தலையணை, வாந்தி மாத்திரை எல்லாம் எடுத்து வந்திருந்தார். கோர்ட்டில் மூன்று வழக்குகளைத் தள்ளி வைத்திருந்தார்.

“எந்த வண்டி? ராத்திரிக்குள்ள போய்ச் சேர்ந்துடலாமா?”

“பெட்டி எதுக்கு சார்?” என்று விழித்த சலூன்காரர், முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருந்த வாடிக்கையாளரிடம் திரும்பினார். “அண்ணே, அப்படியே இருங்க. வேற மாநிலம் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்.”

“நுரை காயறதுக்குள்ள வந்துடுப்பா” என்றார் அவர்.

வக்கீல் பெட்டியை அப்படியே கீழே வைத்தார். சலூன்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு லாரி போகும்வரை நின்று, மெதுவாக ரோட்டில் இறங்கினார். இரண்டு மாநிலங்களுக்கும் எல்லை அந்த ரோட்டின் நடுவில் இருந்த வெள்ளைக் கோடுதான்.

அதைத் தாண்ட சலூன்காரர் காலைத் தூக்குவதற்குள், எதிர்க்கடை பார்லரிலிருந்து குரல் வந்தது:

“பத்தடி தூரம் வர்றதுக்கு வக்கீல் எதுக்கு? அப்பா எப்ப வருவாருன்னு உங்க பொண்ணு தினம் என் உயிரை எடுக்கறா, நாலு மாசமா நான் இந்தக் கதவைச் சாத்தவே இல்லை, உள்ள வாங்க!”