அரசாங்கம் காத்திருந்தது

"எந்த ராசாவா இருந்தாலும் சட்டத்துக்குள்ளதான் நிக்கணும். இல்லன்னா அது அரசாங்கம் இல்ல, அடாவடி!"

போன வாரம் சாப்பிடும்போது அரிசி மண்டி ஆதிமூலம் சொன்னது. ரசம் ஊற்றிக்கொண்டிருந்த மனைவி அமிர்தவல்லி கரண்டியை நிறுத்தினாள்.

"ஊட்டு ராசாவுக்கும் அதேதானா?"

அன்று சிரித்துவிட்டார். இன்று சிரிப்பு வரவில்லை.

புதுச்சேரிக் கடற்கரையில், ஊரார் மேரி என்று அழைக்கும் நகராட்சி மண்டபத்தின் வாசலில், பட்டு வேட்டி காற்றில் படபடக்க நின்றார். உள்ளே கல்யாணத்துக்கு எல்லாம் தயார். அவர்தான் படியேற மறுத்தார்.

மகள் சந்திரகலா பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக ஓடி வந்தாள்.

"அப்பா, மேயர் வந்து உக்காந்துட்டாரு. நீ வராம ஆரம்பிக்க மாட்டாராம். எனக்காக வாப்பா!"

"அம்மன் சாட்சியா தாலி கட்டினா பத்தாதாம்மா? இன்னிக்குக் கல்யாணத்துல மூக்க நீட்டற அரசாங்கம் நாளைக்குக் கொழம்புச் சட்டியில நீட்டும்."

சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருந்த நண்பர் அன்வருதீன் தலையில் அடித்துக்கொண்டார்.

"யோவ், பிரெஞ்சு சட்டந்தான் வேணும்னு எழுதிக் குடுத்தது உங்க தாத்தா. உங்க குடும்பத்துக்கு மேரியில சொல்லாத கல்யாணம் சட்டப்படி கல்யாணமே இல்ல. நாளைக்குப் புள்ளைங்களுக்குத்தான் கஷ்டம். பிரெஞ்சுக் கொடி எறங்கி எட்டு வருசமாச்சி, வாக்குக் குடுத்த டெல்லிக்காரன் அந்தச் சட்டத்துல கை வெச்சானா? பழசப் புடுங்காதீங்கன்னு கத்தினது நீதான?"

ஆதிமூலம் தலையசைத்தார். உண்மைதான். பட்டாளமும் கப்பலும் வைத்திருக்கும் அவ்வளவு பெரிய தேசம், கையகல ஊருக்குக் கொடுத்த வாக்குக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது. நினைக்கவே உடம்பு சிலிர்த்தது.

அமிர்தவல்லியும் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"நானும் பயந்துகிட்டுதாங்க உள்ள போனேன். அந்த மேயர் இன்னா சொல்றாரு தெரியுமா? பொண்ணு வாயத் தொறந்து சம்மதம்னு சொல்லணுமாம். அப்பன் சொன்னா செல்லாதாம், அண்ணன் சொன்னா செல்லாதாம். அவ சொல்லலன்னா, அவ்ளோ பெரிய சர்க்காரு பேனாவ மூடிகிட்டு எழுந்து போயிடுமாம்!"

சொல்லும்போதே அவள் கண்கள் விரிந்தன. பிறகு குரல் தணிந்தது.

"என்ன யாருங்க கேட்டாங்க? எங்கப்பாவும் உங்கப்பாவும் வெத்தல மாத்திகிட்டாங்க. நான் கொல்லையில பாண்டி ஆடிகிட்டு இருந்தேன்."

ஆதிமூலம் அவளையே பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சந்நிதிக்குள் நுழைகிறவர் போல உள்ளே போனார்.

உயரமான மண்டபம். மார்பில் மூவர்ணப் பட்டை அணிந்த மேயர் எழுந்து நின்று சட்டத்தைத் தமிழில் படித்தார். முதலில் பெண்ணைக் கேட்டார்.

"சம்மதமா?"

பதில் இல்லை. ஜன்னலுக்கு வெளியே கடல் மட்டும் இரைந்தது. மேயர் அவசரப்படவில்லை. பேனாவைத் திறந்தபடி நின்றார். அந்த ஒற்றைச் சொல்லுக்காக அரசாங்கமே காத்திருந்தது.

கடைசியில் மணப்பெண் வாய் திறந்தாள்.

"நீங்க கேட்டதே பெரிய சந்தோசங்க. ஆனா, கேக்க வேண்டியவரு ஒரு தடவ கேக்கட்டும்."

சந்திரகலா கையிலிருந்த மாலைகளில் ஒன்றை அப்பாவின் கழுத்தில் போட்டாள். ஆதிமூலம் மணப்பெண்ணின் பக்கம் திரும்பினார். இத்தனை வருடக் குடித்தனத்தில் நெஞ்சுக்குள்ளேயே கிடந்ததை, ஊரறியக் கேட்டார்:

"அமிர்தம்... என்னக் கட்டிக்கிறியா?"