ஒரு செம்பு தண்ணீர்

வேலைக்குக் கிளம்பிய ருமியானாவுக்காக, அவள் கணவன் காமென் அன்றும் வாசலில் ஒரு செம்பு தண்ணீரைக் கவிழ்த்தான். போகிற காரியம் தண்ணீர்போலத் தடையில்லாமல் ஓட, பல்கேரியாவின் ப்ளோவ்திவ் நகரில் இப்படி ஊற்றுவார்கள். அரைக் குவளை போதும். போகிறவர் தானே ஊற்றிக்கொள்வதில்லை.

"படியெல்லாம் ஓடுதுய்யா!"

"பின்ன, உன் சம்பளம் மாதிரி சொட்டுச் சொட்டாவா ஊத்துறது?"

அன்று மதியம் மாரடைப்பில் அவன் போய்விட்டான். சில மாதங்களில் பின்னலாடை ஆலை ஆட்குறைப்பு செய்து அவளையும் அனுப்பியது. வேலை கேட்டுப் போன இடமெல்லாம் அவள் தையலைப் புகழ்ந்தார்கள். வயதைக் கேட்டதும், "கூப்பிடுறோம்" என்றார்கள். யாரும் கூப்பிடவில்லை.

கடைசியில் ஒரு தையல்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. ஐம்பத்துநான்கு வயது என்றாள். "அதனால என்ன? நாளைக்கு வாங்க, பேசுவோம்" என்றார்கள். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. காலையில் இரண்டு முறை உடை மாற்றி, உதட்டுச்சாயம் பூசி, கதவைத் திறந்து காலை வைத்தாள். சளப்பென்று தண்ணீர்.

கீழ்வீட்டுப் பென்கா கத்தினாள்: "ஏண்டி, ஒரு வேலைக்கு மரீட்சா ஆத்தையே ஊத்துவியா? என் வாசல் வரைக்கும் வந்துருச்சு!"

"நான் ஊத்தலையே அக்கா!"

சொல்லும்போதே ருமியானாவுக்குச் சிரிப்புப் பொங்கியது. நனைந்த ஷூவோடு இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள்.

மாலையில் வேலையோடு திரும்பினாள். நேரே சமையலறைக்கு ஓடினாள். இறுதிச் சடங்கன்று அவள் கவிழ்த்து வைத்தபடியே இருந்தது காமெனின் செம்பு. அதன்மேல் படிந்திருந்த தூசி கலையவில்லை.