பத்தாவது முகம்

எதிரே பத்து முகங்கள் நின்றால்தான் கேமரா வைத்த தடுப்பூசிப் பெட்டி திறக்கும். மருந்து வீணாகிவிடக் கூடாதாம். ஏற்கெனவே ஊசி போட்டவர்களை அது எண்ணாது. அதனால் நர்ஸ் ஜெபசீலியின் முகம் செல்லாது. உப்பளக் குடியிருப்பிலோ கொள்ளைநோய்க்குத் தப்பி மிஞ்சியிருந்ததே பத்துப் பேர்தான்.

போன மாதம் ஒன்பது பேர் வந்தார்கள். சுடலைக்கண்ணு மட்டும் உப்பு வாரப் போய்விட்டார். அவர் மனைவி ஆவுடையம்மாள் அரைநாள் வெயிலில் நின்றும் பெட்டி திறக்கவில்லை.

"அடுத்த மாசம் அண்ணனையும் கையோட கூட்டிட்டு வாங்கக்கா" என்று சொல்லிவிட்டு ஜெபசீலி கிளம்பினாள். பத்தே நாளில் ஆவுடையம்மாள் காய்ச்சலில் போய்விட்டாள்.

இந்த மாதம் சுடலைக்கண்ணுதான் முதல் ஆளாக வந்து நின்றார். சட்டைக்குள்ளிருந்து மனைவியின் படத்தை எடுத்துத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"என்னண்ணே இது?"

"அதுக்கு மொகந்தான சிஸ்டர் வேணும்?"

பெட்டி திறந்துகொண்டது.

ஒன்பது பேருக்கும் போட்டு முடித்தபின் குப்பியில் ஒரே ஒரு ஊசிக்கான மருந்து மிஞ்சியது. ஜெபசீலி அதைக் கீழே ஊற்றப் போனாள்.

"கொட்டிராதீங்க சிஸ்டர்" என்றார் சுடலைக்கண்ணு. "அது ஆவுடைக்கு உள்ளது."