மண் அணைக்கு ஒரு காவல்

எங்கே காவலுக்குப் போனாலும் தூங்கி வழிந்து வேலையைத் தொலைத்தவர் வாட்ச்மேன். கடைசியில் கிடைத்தது, தோட்டத்து முதலாளியின் மண் அணையைக் காக்கும் வேலை.

"இங்கேயும் தூங்கினீங்க, வீட்டுப் பக்கமே வராதீங்க!" மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்.

பாவம் மனிதர், உயிரைக் கொடுத்து விழித்திருந்தார். மத்தியானம் கண் சொருகினால் ஒரு பச்சை மிளகாயைக் கடித்துக்கொள்வார்.

ஓடையை மறித்துக் கட்டிய சின்ன அணைதான். ஆனால் ஊரில் பாதிப் பேருக்கு அங்கே தினமும் ஏதாவது ஒரு வேலை இருக்கும். துணி மூட்டையோடு வந்த சலவைக்காரரை விரட்டினார். டிரம்மோடு வந்த செங்கல் சூளைக்காரரையும் விரட்டினார். கரை மேல் சைக்கிளில் குறுக்கு வழியாகப் போன டீச்சரம்மாவைக்கூட விடவில்லை.

"போன வாரம் வரைக்கும் இப்படித்தானே போனேன்?"

"போன வாரம் நான் இல்லையேம்மா!"

வாத்துக்காரம்மா மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. "தண்ணியில இறங்கினது வாத்து. எதுவா இருந்தாலும் அதுங்ககிட்டப் பேசிக்கோ."

வாத்துகளிடமும் பேசிப் பார்த்தார்.

அன்று முதலாளி ஒரு பையோடு வேர்க்க விறுவிறுக்க வந்தார். சம்பளம் ஏறப்போகிறது என்று வாட்ச்மேனுக்கு வாயெல்லாம் பல்.

"ஐயா, நான் வந்ததுலேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணி வெளிய போகலை. பொட்டுத் தூக்கம் கிடையாது!"

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அதான்யா என் தலைவலியே! காலையிலேர்ந்து ஊரே என் வாசல்ல நிக்குது."

"காவல் வேணும்னு நீங்கதானேய்யா கூப்பிட்டீங்க?"

"நான் எங்கய்யா கேட்டேன்? வீட்டுக்காரி ஒத்தைக் கால்ல நின்னா. அவளை எதிர்த்துப் பேசிட்டு நான் வீட்டுல இருக்க முடியுமா? அதான் நாலு இடத்துல விசாரிச்சு, உட்கார்ந்தா தூங்குற ஆளாப் பார்த்து உன்னைப் பிடிச்சேன். நீ என்னடான்னா மிளகாயைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்க!"

பையிலிருந்து ஒரு தலையணையை எடுத்து நீட்டினார். "இந்தா, இனிமேலாவது ஒழுங்கா வேலையைப் பாரு. அவளுக்கு மட்டும் தெரியக் கூடாது."

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். காவல் குடிசைக்குள் போய், பூப்போட்ட தலையணை ஒன்றை எடுத்து வந்தார்.

"உங்க வீட்டம்மா நேத்தே கொடுத்துட்டாங்கய்யா. 'அவருக்கு அணைன்னா உயிரு, அவர் மனசு கோணக் கூடாதுன்னுதான் காவல் போடச் சொன்னேன், ஊர்க்காரங்க பாவம், நீ தூங்கு, ஐயாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்'னாங்க. நான்தான் என்னைச் சோதிக்கிறாங்கன்னு நினைச்சுட்டேன்!"