கம்பி கழற்றிய காலை

இரண்டு வருடமாகப் பற்களை இழுத்துப் பிடித்திருந்த கம்பியை டாக்டர் கழற்றிவிட்டார். ஜன்னல் வெயில் தட்டில் கிடக்கும் எஃகுத் துண்டுகளில் மினுங்குகிறது. ஐம்பது வயதுத் தங்கை கைக்கண்ணாடியில் பார்க்கிறாள். நாக்கால் தடவுகிறாள், எங்கும் இடறவில்லை. சிரிப்பு வருகிறது. பழக்கத்தில் வாயை மூட எழுந்த கை பாதியில் நின்றுவிடுகிறது. "எப்படிக்கா இருக்கு?" துணைக்கு வந்த அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சின்ன வயதில் அவளுக்குத் 'தெத்துப்பல்லி' என்று பெயர் வைத்ததே இந்த அக்காதான். அப்படிக் கூப்பிட்டால் தங்கை தலையணையால் அடிப்பாள். அடித்துவிட்டு, அந்தப் பல் தெரியச் சிரிப்பாள். "அழகா இருக்குடி," என்கிறாள் அக்கா. "இனிமே உன்னை நான் என்னன்னு கூப்பிடுறது?"

நர்ஸ் பழைய பல் அச்சை எடுத்து வருகிறாள். சிகிச்சைக்கு முன் எடுத்தது. சுண்ணாம்பு வெள்ளையில், வலப்பக்கப் பல் ஒன்று துருத்திக்கொண்டிருக்கிறது. "இது இனி தேவைப்படாதும்மா, தூக்கிப் போட்டுடவா?" அக்கா சட்டென்று எழுந்து அதை வாங்குகிறாள். துருத்திய பல்லைக் கட்டைவிரலால் தடவுகிறாள். கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைக்கிறாள்.

"அது எதுக்குக்கா?" என்கிறாள் தங்கை.

"நீ சும்மா இரு." அக்கா பையைத் தொட்டுக் காட்டுகிறாள். "இவ என் தங்கச்சி."