பதினோரு நிமிடச் சுரங்கம்

வீடோ, கடையோ, பஸ்ஸோ, யாராவது குரலை உயர்த்தினால் போதும், சுவர் "நிதானம்" என்று சொல்லிப் புல்லாங்குழல் வாசிக்க ஆரம்பித்துவிடும். அதனால் எபநேசரும் ஃப்ளாரன்ஸும் வருடம் முழுக்கச் சண்டையே போடவில்லை. எல்லாவற்றையும் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சேர்த்துவைத்தார்கள்.

அப்போதுதான் பழைய மெட்ரோ ரயிலை ஓட்டிக் காட்டுவார்கள். அந்தக் காலத்து ரயில் என்பதால் அதற்குக் காது கேட்காது. பதினோரு நிமிடச் சுரங்கத்தில் மனதாரக் கத்தலாம். டிக்கெட் அக்டோபரிலேயே தீர்ந்துவிடும். இந்த முறை ஃப்ளாரன்ஸ்தான் எடுத்திருந்தாள்.

கதவு மூடியதுமே பெட்டியில் இருந்த அத்தனை தம்பதிகளும் தொடங்கிவிட்டார்கள்.

"உங்க அக்கா வந்து என் கிச்சன்ல உப்பு டப்பாவை ஏன் இடம் மாத்தணும்? நீங்க ஏன் வாயே திறக்கலை?" என்று ஃப்ளாரன்ஸ் ஜனவரியில் ஆரம்பித்து, மூச்சு விடாமல் நவம்பருக்கு வந்து சேர்ந்தாள். எபநேசர் வாயைத் திறப்பதற்குள் ரயில் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது.

நடைமேடையில் அவர் மெதுவாகச் சொன்னார்: "இருக்கட்டும். திரும்பிப் போறப்ப நான்தான் பேசுவேன்."

ஃப்ளாரன்ஸ் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "வர்றதுக்கு மட்டும்தாங்க டிக்கெட் எடுத்தேன். வீட்டுக்கு பஸ்ல போயிடலாம்."

எபநேசர் "என்னது" என்று கேட்ட சத்தத்தில் ஸ்டேஷன் சுவர் புல்லாங்குழலை எடுத்துக்கொண்டது.